வாப்பா பொறுக்கிய புழுக்கள்

தாராவி,
4 பிப்ரவரி 2024

அன்புள்ள சாயிரா லாத்தாவுக்கு, ஸலாம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். உன் மனம் குளிர எதையும் மாற்ற மாட்டேன். நீ உன் விருப்பப்படி நிக்காஹ் செய்து கோபர்கைரனே போனதிலிருந்து வாப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. உம்மாவின் போனில் உன் நம்பரையும் அழித்துவிட்டார். என் தோழி சாதனாவின் அப்பாவுக்கு உன் பக்கத்து வாஷியில் வேலை. கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாடியில் உன் செம்பருத்தியின் மொட்டெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. ஆனால் பொறிவண்டின் குஞ்சுப் புழுக்களும் வந்திருக்கின்றன! குட்டி முதலை போல இருக்கும். அசுவினியைத் தின்று தீர்க்கும் என்று லைப்ரரி புத்தகத்தில் படித்தேன். நீ வரும்போது பூத்திருக்கும். எப்போது வருவாய்?

உன் தங்கை சாயிமா

கோபர்கைரனே,
9 பிப்ரவரி

என் கண்ணு சாயிமா,

வாப்பா கூப்பிடாமல் எந்த முகத்தோடு வருவேன்? உம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? செடியை விட்டுவிடு. அதைப் பார்த்தாலே வாப்பாவுக்குக் கோபம் வரும்.

லாத்தா

தாராவி,
13 பிப்ரவரி

அன்பு லாத்தா,

கோபமா? இன்று விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு வாப்பா மாடியில் குந்தியிருந்தார். தோல் தைக்கும் ஊசியால் இலை இலையாகப் புரட்டி, என் முதலைகளை எல்லாம் பொறுக்கி நசுக்கிவிட்டார். “ஏட்டீ, புழு பூராத்தையும் எடுத்தாச்சு. இனிப் பொழச்சுக்கிடும்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. “வாப்பா, அதுதான் நல்ல புழு!” என்றேன்.

ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, “அவ வந்தா செடி எங்கேன்னு கேப்பால்லா” என்றார்.

சாயிமா

கோபர்கைரனே,
17 பிப்ரவரி

சாயிமா,

வாப்பா அப்படியா சொன்னார்? அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இங்கே எருக்கஞ்செடியில் தேடி உன் முதலைகளைப் பிடித்து ஒரு டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். டப்பாவில் அசுவினி மொய்த்த இலையும் இருக்கிறது; பசித்தால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். நான் அனுப்பியதாகச் சொல்லாதே.

லாத்தா

தாராவி,
20 பிப்ரவரி

லாத்தா,

சொல்லிவிட்டேன். வாப்பா கேட்டார், என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

டப்பாவை வாங்கி, பட்டறையில் பசை தடவும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக மொட்டில் ஏற்றினார். ஒரு புழு அசுவினியைக் கவ்வியதும், “யம்மா, என்ன பசி!” என்று சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து!

“புழுவ அனுப்பத் தெரிஞ்சவளுக்கு வீட்டுக்கு வரத் தெரியலயாக்கும்” என்றார். படி இறங்கும்போது திரும்பாமலே, “ஞாயித்துக்கெழம கறி எடுக்கணும். ஒருத்தியா, ரெண்டு பேரான்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

நீயும் மச்சானுமாக ரெண்டு பேர்தானே, லாத்தா? உடனே எழுது. உம்மா அழுதுகொண்டே அரிசி பொறுக்குகிறாள். இன்னும் எழுத வேண்டும், வாப்பா விளக்கை அணைக்கச் சொல்கிறார்.