நீ குனிந்திருந்தபோது நடந்த வாக்கெடுப்பு

அன்புள்ள ஹேசல்,

குழப்பாமல் எழுதுவதற்காகச் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. லீட்ஸில் நம் இசைக்குழு பதினோரு மாதங்களே இருந்தது.
2. உன்னை நீக்கிய வாக்கெடுப்போடு அது செத்தது.
3. அதில் நான் கை தூக்கவில்லை.

நம் குழுவின் வரலாற்றை எழுதும் பெண், அச்சுக்குப் போகும் பக்கங்களை அனுப்பியிருக்கிறாள். நம் ஒரே இசைத்தட்டில் உன் கிட்டார் கிறீச்சிடுவதைக் கேட்டுத்தான் எத்தனையோ பேர் குழு தொடங்கினார்களாம். "எங்க டிரம்மர் மட்டும் எனக்கு எதிரா கை தூக்கல. பயந்தாங்கொள்ளி, ஆனா நேர்மையானவன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மைதானா என்று நாளைக்குள் நான் சொல்ல வேண்டும்.

போஸ்டரின் நிறத்துக்குக்கூட வாக்கெடுப்போம். நான் நோட்டில் குறித்துவைப்பேன். அன்று பாடகன் கிளைவ், "ஹேசல் வேணாம்கிறவங்க கை தூக்குங்கப்பா" என்றான். அவனும் பேஸ் கிட்டார் வாசித்த பேரியும் தூக்கினார்கள்.

"நல்லா எண்ணிக்கோ கிளைவ். ரெண்டு வரைக்கும் உனக்குத் தெரியும்ல?" என்றபடி நீ திரும்பிக் குனிந்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாய்.

கிளைவ் என் பக்கம் திரும்பினான். "நீ என்னடா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?"

இந்த இடத்தில் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். ஹேசல், மேலே மூன்றாவதாக எழுதியது பொய். நீ நிமிர்வதற்குள் கையைத் தூக்கி இறக்கிவிட்டேன். நோட்டில் 'வாக்களிக்கவில்லை' என்று எழுதினேன். நாளை அவளிடமும் இந்த உண்மையைச் சொல்லிவிடுவேன். வாக்கிருந்த எங்கள் மூவரில், உன்னை நீக்க அந்த இரண்டு கைகளே போதுமாயிருந்தன. என் கை தேவைப்படவே இல்லை.

நேர்மையானவன் என்று நீ நம்பிய,
உன் டிரம்மர்