பிஸ்கட் டின்னில் இருந்த மூன்றாவது பிரதி

அலுமாரியைத் திறந்தால் இன்னும் ஈர ரெக்சின் மணக்கிறது. பத்திரங்கள் வைக்கும் பை காய்ந்து ஒரு கிழமையாகியும் மணம் போகவில்லை. நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். இதை உன்னிடம்தான் சொல்லவேண்டும்.

அந்தப் பையைப் பார்த்து நீ எத்தனை தரம் சிரித்திருப்பாய். யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா பழக்கியது அது: காணி உறுதி, சான்றிதழ், நகை எல்லாம் ஒரே பைக்குள், தூக்கினால் ஓடலாம். வெள்ளவத்தை ஃப்ளாட்டிலும் அப்படியே வைத்திருந்தேன். மகளின் படங்களையும் வீடியோக்களையும் ஒரு பென் ட்ரைவில் போட்டு அதற்குள் வைத்தபோது, எங்கள் ஒஃபிஸ் கணினிகளைப் பார்த்துக்கொண்ட நீ தலையில் கைவைத்தாய். பென் ட்ரைவ் கொண்டு திரிவதற்கு, வருடக்கணக்கில் வைத்திருப்பதற்கு அல்ல என்றாய். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்க வைத்தாய், வேறு வேறு கம்பனியில். இரண்டும் ஒரே நேரம் பழுதாகாதாம்.

இரண்டையும் நான் அதே பைக்குள் வைத்தேன்.

"ஒரு பைக்குள்ள ரெண்டு கொப்பி இருந்தா அது ஒண்டுதானடி. தண்ணி உன்னைக் கேட்டிட்டோ வரும்?"

ஒன்றைக் கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்குக் கொண்டுபோனாய். மூன்று கிழமைதான் பொறுத்தேன். திருப்பிக் கேட்டபோது நீ கோபிக்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாய்.

போன மாதம் மேல்வீட்டுக் குழாய் வெடித்தது. நாங்கள் வேலையால் வந்து பார்த்தபோது பை ஊறிக் கிடந்தது. பென் ட்ரைவும் இரண்டு டிஸ்கும் திறக்கவில்லை. கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். ஃபோனில் இருந்ததை இடம் காணாதென்று எப்போதோ அழித்திருந்தேன்.

உன் அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொல்லி அழுதேன். அன்ரி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"இதுவோ பார், பிள்ளை. உன்ர மகளின்ர பேர் கிடக்கு."

திருப்பித் தருவதற்கு முதல் நீ ஒரு பிரதி எடுத்திருக்கிறாய். டிஸ்கில் ஒட்டிய தாளில் உன் கையெழுத்து: 'பொங்கலுக்குப் பொங்கல் திறந்து பார்க்க.' கீழே, பார்த்த இரண்டு பொங்கலுக்கும் இரண்டு சரி அடையாளங்கள்.

முதலாவது பிறந்தநாள் வரைதான் அதில் இருக்கிறது. பிறகு நடந்தவை போனவைதான். கேக் வெட்டும் வீடியோவில், கமராவுக்குப் பின்னால் நீ மகளைக் கூப்பிடுகிறாய்.

வீட்டில் பிரதி எடுத்துவிட்டு உன் டிஸ்கைத் திரும்பக் கொண்டுபோனேன். இதை நானே வைத்துக்கொள்ளவில்லையா என்று அன்ரி கேட்டார்.

"இல்லை அன்ரி. இது இஞ்சயே இருக்கட்டும்."

பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் இறங்கித் திரும்புவோமா என்று நினைத்தேன். இறங்கவில்லை. தைப்பொங்கலுக்குப் போய், மூன்றாவது சரியை நான் போடுவேன்.