ஏன் விக்கறீங்க?

மார்ச் 4

விளம்பரம் போட்டுவிட்டேன். எண்பதுகளில் வந்த ஜப்பான் ரேஸ் பைக், டூ ஸ்ட்ரோக், ஒரிஜினல் பெயின்ட், பதினாறு வருடமாக ஒரே கை. அந்த ‘ஒரே கை’யை எழுதும்போது கை ஓடவில்லை.

என் காதுக்குள் ஏதோ நிலை தப்புகிறதாம். தலைசுற்றல் சொல்லாமல் கொள்ளாமல் வருமாம். “இனிமே வண்டி ஓட்டாதீங்க” — காது டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 6

ஏன் விற்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். உதிரிபாகம் கிடைப்பதில்லை என்றேன். போன வாரம்தான் கார்புரேட்டர் சாமான் பார்சலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியதே அவர்தான்.

மார்ச் 9

முதல் ஆள் வந்தார். என்னைத் தாண்டி மாடியைப் பார்த்து, “ஓனர் இல்லையா?” என்றார். நான்தான் என்றேன். ஏன் விற்கிறீர்கள்? வெளியூருக்கு மாற்றல் என்றேன். நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேப். அதில் ஏது மாற்றல்? அங்கே மாறுவது பல் மட்டும்தான்.

மார்ச் 10

மாத்திரை போட்டும் சுற்றுகிறது.

மார்ச் 14

பஸ் ஓட்டும் ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். நீ ஒரு ரவுண்டு ஓட்டு, நான் சத்தம் கேட்கிறேன் என்றார். நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏறிவிட்டேன்.

முனையில் திரும்பும்போது தெரு என்னைவிட வேகமாகத் திரும்பியது. காலை ஊன்றி நிறுத்தினேன். பையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவருடையதா, என்னுடையதா?

தள்ளிக்கொண்டே வந்தேன்.

“என்ன, நின்னுடுச்சா?”

“ஆமாக்கா. அப்பப்ப இப்படித்தான் நிக்கும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

மார்ச் 15

ஒருநாள்கூட என்னை நடுத்தெருவில் விட்டதில்லை அது. அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டேனே — எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில! உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அந்த மனிதர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்திருந்தால்?

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் தலை சுத்துது. அதான் விக்கறேன்.”

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. திரும்பினால் வீட்டுக்காரர் ஈரக்கையோடு நிற்கிறார்.

“எத்தனை நாளா?”

ஒரு மாதமாக என்றேன். அவர் திரும்பிப் போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17

அக்காவே வண்டியை வாங்கி எடுத்துப் போய்விட்டார். கிளம்பும் முன், பின்னால் ஏறு, ஒரு சுற்று போகலாம் என்று கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். என் வண்டியில் நான் பின் சீட்டிலா?

தெருவில் அவர் கியர் மாற்றும்போதெல்லாம் இங்கே என் இடது கால் அசைந்தது.

மார்ச் 26

லேப்புக்கு இப்போது பஸ்தான். மாலை நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து வீடு திரும்பினோம். மாடிப்படியில் பாதியில் சுவர் நகர்ந்தது. முன்னால் ஏறிக்கொண்டிருந்தவரிடம், “கொஞ்சம் பிடிங்க” என்றேன்.

பிடித்தார். மேலே வந்த பிறகும் என்னை விடாமல், இடது கையால் சாவியைப் போட்டுத் திறக்க முடியாமல் தடுமாறினார். நான் அவசரப்படுத்தவில்லை.