மலபார்க்காரர் எழுதிக்கொண்ட நரி

ஆடி 14, செவ்வாய்.

எங்கள் ஊர் காரோட்டில் ஆடுகளைக் கடிக்கும் இனந்தெரியாத மிருகத்தைப் பற்றி விசாரிக்க வந்த மலபார் நிருபரிடம், நான் கண்டது நரி என்றுதான் சொன்னேன். இன்று பத்திரிகையில் புலி என்று போட்டிருக்கிறது. அவர் ஊரில் நரி என்றால் புலியாம். நரிக்கு மலையாளத்தில் குறுக்கன்; அப்படிச் சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு எல்லைப் போராட்டம் நடக்கிற நேரத்தில் வாயில் மலையாளம் வரக்கூடாதென்று எனக்கு ஒரு வீம்பு.

திருத்தி எழுதச் சொல்லலாம் என்றால் பக்கத்து வீட்டுத் தங்கையன் விடவில்லை. "எலே, அது புலியாக்கும். உடம்புல வரி உண்டு, நானும் கண்டேன்" என்கிறான். நேற்றுவரை அதை நாய் என்றவன்.

இப்போது எனக்கே குழப்பம். வால் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. "நீங்க கண்டது தமிழ் நரியா, மலையாள நரியா?" என்று மனைவி கேட்டாள். எழுந்துபோய் எங்கள் ஆட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினேன்.