உச்சி நோட்டில் ஒரு பெயர்

8 நவம்பர் 1997, சனி. மேற்கு டெக்சாஸ், மோட்டல்.

பாலைவன மலைகளின் உச்சியில் தகர டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும். ஏறியவர்கள் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். இன்று என்னோடு ஏறிய நண்பர் சுந்தரம் முழங்கால் வலி தாங்காமல் உச்சிக்குச் சற்றுக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், என் பேரையும் எழுதிடுங்க. யாரு செக் பண்ணப் போறா?"

நான் என் பெயரை மட்டும் எழுதினேன். அது நேர்மையா, பயமா, தெரியவில்லை. இறங்கிவந்து அவரிடம் சொன்னேன்.

சிரித்தார். "ரிட்டையர் ஆகியும் எக்ஸாமினர் புத்தி போகலையே உங்களுக்கு. இருங்க, நானே போய் எழுதிட்டு வரேன்."

பொழுது சாய்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

தேடப்போனவர்கள் இப்போதுதான் திரும்பினார்கள். நோட்டில் என் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறதாம். ஆளைத்தான் காணவில்லை.