ஓட்வாரின் கையும் மூடிக்கிடந்த மலைச்சாலையும்

ஜனவரி 8, திங்கள்

காலை ஆறரை மணி கான்வாயில் மூன்றாவது வண்டி என்னுடையது. பனி தள்ளும் லாரி முன்னே, எட்டு கார்கள் பின்னே. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணிலிருந்து மறைந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டும். இன்று இரண்டு தடவை நின்றோம். நாற்பது நிமிட மலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம் ஆனது.

தடுப்புக் கட்டையருகே ஆஸ்லாக் ஜன்னலைத் தட்டினான். கான்வாயை நடத்துகிறவன் அவன்தான். என்னோடு பள்ளியில் படித்தவன்.

"மறுபடியும் நீதானா? வேற நர்ஸே பொறக்கலையா இந்த நாட்டுல?"

"பொறந்தாங்க. எல்லாரும் தெற்கே போயிட்டாங்க" என்றேன்.

பதினோரு குளிர்காலமாக ஒரு நாள் தவறியதில்லை. இன்றும் தவறவில்லை. தோள் வலி உயிர் போகிறது, போதும் இன்றைக்கு.

ஜனவரி 10, புதன்

ஓட்வாருக்கு இன்று நல்ல மூட். எழுபத்து மூன்று வயது, நாற்பது வருடம் கடலில் தூண்டில் கயிறு போட்டவர். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு வைக்கிறோம். வாயை மட்டும் கட்ட முடியவில்லை.

"ஏம்மா ஹெர்டிஸ், இந்தக் காத்துல உன்னை மலையேத்தி அனுப்பிட்டு உன் புருஷன் அங்க என்ன பண்றான்? இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படிச்சுக்கிட்டு இருக்கானா?"

கூட வேலை பார்க்கும் ரன்வெய் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். அவள் இந்த ஊர்ப் பெண், ஆஸ்பத்திரிக்கு நடந்தே வருகிறாள். ரத்தம் வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று கையில் ஏற்றும் இரண்டு ஊசிகளை மற்ற இரண்டு நோயாளிகளுக்கும் அவள்தான் போடுகிறாள். ஓட்வாருக்கு மட்டும் நான்.

மதியம் கேட்டாள்: "அவர் கையில நானும் போட்டுப் பாக்கட்டுமா? நீங்க பக்கத்துல இருக்கும்போதே கத்துக்கிட்டா நல்லதுதானே?"

"இன்னொரு நாள் பாக்கலாம்" என்றேன். அவர் ரத்தக்குழாய் தோலுக்கடியில் வளைந்து ஓடும், எனக்கே கை பழக ஒரு வருடம் ஆனது. இலையுதிர் காலத்திலிருந்து அவள் கேட்பது இது நாலாவது தடவை. நான்தான் தினமும் வந்துவிடுகிறேனே, என்ன அவசரம்?

ஜனவரி 12, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தடுப்புக் கட்டையில் ஆஸ்லாக் என் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தான். காலி. கான்வாயில் போகிற ஒவ்வொரு காரிலும் கனத்த உடுப்பும் பூட்ஸும் படுக்கைப் பையும் இருந்தாக வேண்டும். அந்த மூட்டையைக் காய வைக்கிறேன் என்று என் கணவர் ஸ்டெய்னார் புதன்கிழமையே எடுத்து வைத்திருந்தார். என்னிடம் சொல்லவும் செய்தார். நான்தான் மறந்துபோனேன். காலில் வார்டு செருப்பு. அங்கே போய் மாற்றுகிற ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வருவது என் வழக்கம். நர்ஸ் புத்தி.

"இதைப் போட்டுக்கிட்டா மலைக்குப் போற? நடுவுல வண்டி நின்னுச்சுன்னா கால் விரல் போயிடும்."

"நிக்காது. என்னை விடு."

"இறங்கி வண்டியைத் திருப்பு ஹெர்டிஸ்."

"அங்க ஒரு மனுஷன் காத்துக் கிடக்கார்டா."

"இங்க எட்டு பேர் காத்துக் கிடக்காங்க. நீ நின்னா அவங்களும் நிக்கணும். திருப்பு."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்கு ஓடி, மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டை இறங்கியிருந்தது. காற்று ஏறிவிட்டது, இனி கான்வாயும் இல்லை என்றார்கள்.

காரில் உட்கார்ந்தபடியே போனில் ரன்வெய்க்கு வழி சொன்னேன். "மேல் பக்கமா சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம். அவசரப்படாதே." இரண்டு தடவை குத்தினாள், இரண்டும் தவறியது. கை வீங்கிவிட்டது, நகர ஆஸ்பத்திரி டாக்டர் போனில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். என்னிடம். நாலு தடவை கேட்ட பெண்ணுக்குக் கற்றுத்தராதவள் நான், மன்னிப்புக் கேட்கிறவள் அவள். என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 13, சனி

சாலை மூடியே கிடக்கிறது. ஹெலிகாப்டர் பறக்காது, படகும் கிளம்பாது. ரத்தம் சுத்தமாகாவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். அதனால் ஓட்வாருக்கு உருளைக்கிழங்கு கூடாது, காபி அரைக் கோப்பைதான், தண்ணீர் அளந்துதான். ரன்வெய் அவரை வார்டிலேயே படுக்க வைத்து, மணிக்கொரு தரம் இதயத் துடிப்பைப் பார்த்துச் சொல்கிறாள்.

நான் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். "நீ நடந்தா காத்து நின்னுடுமா? உக்காரு" என்றார் ஸ்டெய்னார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குக் கட்டை தூக்கினார்கள். முதல் வண்டி என்னுடையது. ஆஸ்லாக் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்க் காபியை உள்ளே வைத்தான்.

ஓட்வார் முகம் மெழுகு மாதிரி இருந்தது. ஒரு கிண்டல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீக்கத்துக்கு மேலே இடம் தேடி ஊசியை ஏற்றினேன், ஏறியது. நாலு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, "இன்னும் இங்கதான் இருக்கியா, வீடு வாசல் கிடையாதா உனக்கு?" என்றார். கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 15, திங்கள்

டாக்டர் போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. ஒரே ஒரு நர்ஸை நம்பி ஒரு உயிர் இருக்கக் கூடாது என்றார். நகர ஆஸ்பத்திரியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ச் மாதம் ஓட்வார் அங்கே குடிபோக வேண்டும். நாலரை மணி நேரத் தூரம். போனால் போனதுதான், திரும்பி வருவதற்கில்லை.

ஓட்வாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அங்க ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துற இடம் தெரியும். நான் கடலைப் பாக்காம ஒரு நாள் எந்திரிச்சதில்லைம்மா."

அப்புறம் சொன்னார்: "ஊசியைக் குடு. நானே போட்டுக்கிறேன்."

"விளையாடாதீங்க."

"நாப்பது வருஷம், ஆடுற படகுல, மரத்துப்போன விரலால கொக்கி மாட்டினவன் நான். இது என் கை. எங்க வளையுது, எங்க துடிக்குதுன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்."

முடியவே முடியாது என்றேன். திரும்பி வரும்போது கான்வாயில் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். முடியாது என்று எதற்குச் சொன்னேன்? அவருக்காகவா? இல்லை — நான் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஊசியைத் தாங்களே போட்டுக்கொள்கிற நோயாளிகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

ஓட்வார் இங்கேயே இருக்க வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். மார்ச் முதல் வாரத்துக்குள், நான் இல்லாமலே, ஓட்வாரே போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது ரன்வெய் தப்பில்லாமல் போட வேண்டும். இல்லையென்றால் நகரம்தான் என்றார்.

ஜனவரி 24, புதன்

ஓட்வாரின் முதல் முயற்சி. ரத்தம் சட்டையெல்லாம். மீனவர்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன், சில எனக்கே புதிது. அவர் கையிலிருந்து ஊசியைப் பிடுங்க என் கை துடித்தது. ரன்வெய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, அவர் செய்யட்டும்" என்றாள். விட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

அவர் போட்ட முதல் ஊசி ஏறியது. இரண்டாவதை ரன்வெய் போட்டாள். நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா?

பிப்ரவரி 16, வெள்ளி

இரண்டையும் அவரே போட்டுக்கொண்டார். "கொக்கியைவிட இது பரவாயில்ல. இதுல மீன் நாத்தம் இல்ல" என்றார். இப்போது பகலில் ஆறேழு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. ஜன்னல் வழியே கடல் தெரிந்தது.

பிப்ரவரி 21, புதன்

மறுபடி தவறியது. அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். ரன்வெய் வந்து போட்டாள், முதல் குத்திலேயே ஏறியது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் திமிர் இருந்தது. இருக்கட்டும், நன்றாகவே இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

ராத்திரியெல்லாம் கூரைத் தகடு அடித்துக்கொண்டது. ஆறு மணிக்குத் தடுப்புக் கட்டைக்குப் போனபோது இரண்டே கார்கள். ஆஸ்லாக் கையை ஆட்டினான். "இன்னைக்கு லாரியே போகாது. திட்டறதா இருந்தா சீக்கிரம் திட்டிட்டுப் போ, குளிருது."

நான் திட்டவில்லை. போகவும் இல்லை, எஞ்சினை ஓடவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டேகாலுக்கு ரன்வெய்க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எட்டரைக்கும் எடுக்கவில்லை. எட்டே முக்காலுக்கு ஓட்வாரே கூப்பிட்டார்.

"ஏம்மா, எதுக்கு இந்தப் பொண்ணை வேலை செய்யவிடாம போன் அடிச்சுக்கிட்டே இருக்க? ரெண்டு ஊசியும் உள்ள போயாச்சு. மெஷின் ஓடுது. சத்தம் கேக்குதா?"

கேட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியைத் திருப்பினேன்.

ஸ்டெய்னார் கதவருகிலேயே வந்துவிட்டார். "என்னாச்சு? அவருக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் ஆகலை. இன்னைக்கு நான் தேவைப்படலை." சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம்.

மதியம் டாக்டர் போன் செய்தார். ரன்வெய் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "நகரத்துல அவருக்கு வச்சிருக்கற இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடட்டுமா ஹெர்டிஸ்?" என்று கேட்டார்.

"குடுத்துடுங்க" என்றேன்.