காலி மாத்திரை அட்டை

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் நலமா? நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன், ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் இருக்கும் ஏற்பிகள் என்கிற இருக்கைகளில் ஒட்டிக்கொண்டால் தசை இறுகி அழுத்தம் ஏறுமாம். இதைக் காட்ட, வகுப்பில் டீச்சர் என் ரத்த அழுத்தத்தை அளந்தார். கொஞ்சம் அதிகம்.

"கண்ண மூடி, புடிச்ச இடத்த நெனச்சுக்கோ, குறைஞ்சிடும்."

ஐந்து நிமிடம் நினைத்தேன். இன்னும் ஏறிவிட்டது!

"எங்கடி போய்ட்டு வந்தே, பேய் பங்களாவுக்கா?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

"எங்க வீட்டுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையும் அதே செல்களில் இருக்கும் இன்னொரு வகை ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தத்தை ஏற்றும் வேறொரு ஹார்மோனுக்கு இடம் விடுவதில்லையாம். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் நீங்கள் அதைப் போடுவதில்லை என்று அம்மா எழுதியிருந்தார். மாத்திரை எழுந்துபோனால் ஹார்மோன் வந்து உட்கார்ந்துவிடும், அப்பா.

பத்து மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையை எனக்குத் தபாலில் அனுப்புங்கள். வெறும் அட்டை வேண்டாம், கூடவே நாலு வரி எழுதுங்கள். பத்து நாளுக்கொரு கடிதம் கிடைக்கும்.

அவசரமாக,
உங்கள் வாயாடி

இந்த வரி கோணலாக இருந்தால் வேறொன்றும் நினைக்காதீர்கள், விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.